கொம்பையா எழுந்து நிற்கிறார்

மச்சானைக் கண்டு எழுந்து நிற்கவில்லை என்பதற்காக உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போட்ட வக்கீல் அநேகமாக நான் ஒருத்திதான் இருப்பேன். சக வக்கீல்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். வக்கீல்கள் அறைக்குள் நான் நுழைந்தால் இரண்டு பேராவது நாற்காலியைத் தள்ளிவிட்டு விறைப்பாக எழுந்து நிற்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் யாரும் முத்துப்பேச்சியோடு அந்தத் திரை அறைக்குள் உட்கார்ந்து பார்த்ததில்லை.

முத்துப்பேச்சியின் கணவர் கொம்பையா. செம்மண்விளைக்காரர். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் குழாய்க்கு வெல்டிங் வைக்கிற வேலை. ஆலை கக்குகிற உப்புக் கழிவு ஊர்க் கிணற்றையெல்லாம் கெடுக்கிறது என்று ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஆலை வாசலில் போய் உட்கார்ந்தார். தடுப்புக் காவல் என்று தூக்கிக்கொண்டு போய்த் தேரிக்காட்டுச் சிறையில் போட்டுவிட்டார்கள். விசாரணை கிடையாது, ஜாமீன் கிடையாது. காவலை நீட்டிக்கொண்டே போகலாம்.

அது செம்மணல் மேடுகளுக்கு நடுவில் புதிதாகக் கட்டிய சிறை. வெளியாள் ஒருவரும் உள்ளே போக முடியாது. கைதியைப் பார்க்க வேண்டுமென்றால் தாலுகா ஆபீசின் பின்கட்டில் இருக்கும் திரை அறைக்குப் போய் உட்கார வேண்டும். கைதி திரையில் வருவார், பேசுவார், போய்விடுவார். அலைச்சல் மிச்சம் என்று ஆரம்பத்தில் எல்லாரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன்.

முதலில் ஆட்கொணர்வு மனு போட்டோம். எனக்கு முந்தைய தலைமுறை வக்கீல்கள் அந்த மனுவைப் போட்டால், போலீஸ்காரர்கள் ஆளைக் கூட்டிவந்து நீதிபதிக்கு முன்னால் நிறுத்தியாக வேண்டும். இப்போது சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். திரையில் தெரிந்தாலே ஆள் வந்ததாகக் கணக்கு. கொம்பையா தெரிந்தார். "நல்லா இருக்கேன்யா. நேரத்துக்குச் சாப்பாடு தாராவ. வீட்டுல கவலைப்பட வேண்டாம்" என்றார். மனு தள்ளுபடி. தீர்ப்பு இப்போதெல்லாம் நல்ல தமிழில் வருகிறது, அந்த மட்டில் சந்தோஷம்.

அத்தோடு கேஸ் கட்டை மூடி வைத்திருப்பேன். முத்துப்பேச்சி விடவில்லை. அண்ணன் ஆறுமுகநயினாரைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் என் ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

"வக்கீலம்மா, திரையில வாறது எங்க வீட்டுக்காரவிய இல்ல."

ஆளைச் சிறைக்குக் கொடுத்த எல்லாப் பெண்களும் ஏதோ ஒரு கட்டத்தில் இதைச் சொல்வார்கள். பழைய ஆளாக இல்லை என்பார்கள். நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

"மெலிஞ்சுட்டாரா?"

"மெலியல. அதைத்தான் சொல்லுதேன். உள்ள போன அன்னைக்கு எப்படி இருந்தாவளோ அப்படியே இருக்காவ. ஒரு நரைகூட கூடல."

"அது சந்தோஷமான விஷயம்தானே?"

"போன மாசம் அண்ணன் என்கூட வந்தாவ. அவிய எந்திக்கல. உக்காந்தே 'வாங்க மச்சான்'னாவ."

ஆறுமுகநயினார் நெளிந்தார். "நான் ஒண்ணும் மரியாதை கேட்டு வரலம்மா. இது பிடிவாதமா இழுத்துட்டு வந்துட்டு."

"நீங்க சும்மா இருங்கண்ணே. வக்கீலம்மா, இவிய போன் பண்ணினாலே அவிய எந்திச்சு நின்னுதான் பேசுவாவ. சோத்துல கை வச்சிருந்தாலும் எந்திச்சிருவாவ. நான் கேலிகூடப் பண்ணுவேன். 'உன் அண்ணன் இல்லட்டி, எனக்குப் பொண்ணு குடுத்த மனுசன்'னு சொல்லுவாவ. அந்த ஆளு உக்காந்துகிட்டே பேசுவாவளா?"

எனக்கு அப்போது தோன்றியது வேறு. அடித்துக் காலை உடைத்திருப்பார்கள். எழுந்து நிற்க முடியாத ஆளை இடுப்புக்கு மேலே மட்டும் காட்டுகிறார்கள். தொழிலில் நான் பார்த்த அயோக்கியத்தனத்துக்கு அதுதான் பொருந்தியது. எதுவானாலும் ஒரு மனிதர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர உத்தரவிட வேண்டும் என்று சீராய்வு மனு எழுதினேன். மச்சான் கதையை அப்படியே அதில் போட்டேன்.

விசாரணைக்கு வருவதற்குள் முத்துப்பேச்சி போன் செய்தாள். தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று பேசினாள். மூச்சு வாங்கியது.

"எந்திச்சு நிக்காவ வக்கீலம்மா."

"அப்பாடா. கால் நல்லா இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அண்ணனுக்குச் சந்தோஷமா?"

"அண்ணன் வரல. நான் மட்டும்தான் போனேன். என்னைப் பாத்து எந்திச்சு நின்னாவ." குரல் உடைந்துவிட்டது. "எம் புருசன் என்னைப் பாத்து எதுக்கு எந்திக்கணும்? ரூமைக் கூட்ட ஒரு அக்கா வந்தா. அவளுக்கும் எந்திச்சாவ. வாசல் பக்கம் யார் தலை தெரிஞ்சாலும் எந்திச்சு எந்திச்சு உக்காருதாவ."

கொம்பையா எழுந்து நிற்பதில்லை என்ற விஷயம் வீட்டாரைத் தவிர கோர்ட்டுக்கும் அரசுத் தரப்புக்கும்தான் தெரியும். மனுவைப் படித்த யாரோ குறையைச் சரிசெய்திருக்கிறார்கள். யாருக்கு எழ வேண்டும், யாருக்கு எழ வேண்டியதில்லை என்பது படித்தவருக்குத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்த எவரும் அந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள்.

அரசு வக்கீல் திருவேங்கடம் கெட்டவர் இல்லை. கோர்ட் கேன்டீனில் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"சார், அந்தத் திரையில என்ன தில்லுமுல்லு பண்றீங்க?"

"தில்லுமுல்லு என்னம்மா! தேரிக்காட்டுல லைன் அடிக்கடி விட்டுப் போகும். முகம் பாதியில உறைஞ்சு நின்னா வீட்டுப் பொம்பளைங்க பயந்துடறாங்க. அதனால இடைநிரப்பின்னு ஒண்ணு வச்சிருக்காங்க. பழைய பதிவையெல்லாம் வச்சு, இந்த ஆள் இந்த இடத்துல என்ன சொல்வாரு, எப்படித் தலையாட்டுவாருன்னு கணிச்சு அந்த இடைவெளியை நிரப்பிடும். லைன் வந்ததும் நிஜ ஆளே வந்துடுவாரு. உங்களுக்கு வித்தியாசமே தெரியாது."

"லைன் எப்ப வரும்?"

"உடனே வந்துடும். சில சமயம் கொஞ்சம் கூட ஆகும்."

"வரவே இல்லைன்னா?"

டீயை வாய்க்குக் கொண்டுபோனவர் கீழே வைத்தார். "வர்ற வரைக்கும் நிரப்பிக்கிட்டே இருக்கும்."

"எங்க மனுவைப் படிச்சுட்டு அவரை எந்திரிக்க வச்சது யாரு?"

"யாரும் இல்லம்மா. கைதியைப் பத்தி அரசுக்கு வர்ற எல்லாத்தையும் அதுவே படிச்சுக்கும். புகார், மனு, பத்திரிகைச் செய்தி, எல்லாம். சொந்தக்காரங்க என்ன குறை சொல்றாங்களோ அதைச் சரிபண்ணிக்கும். அதுதான் அதுக்கு வேலை."

"அப்ப கொம்பையா உள்ள இருக்காரா சார்?"

"ரெக்கார்டுல இருக்காரும்மா."

"நான் ரெக்கார்டைக் கேட்கல."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. கேட்டா, திரையில பேசுறாரேங்கறாங்க. அவங்களும் திரையிலதான் பாக்குறாங்க. நீங்க கேட்டீங்களேன்னு சொன்னேன். கோர்ட்டுல இதைக் கேட்டா நான் எதுவும் சொல்லலை."

அவர் பயப்படுவதைப் பார்த்து எனக்கும் பயம் வந்தது. ஒருத்தன் மறைத்தால் அவனைக் கண்டுபிடித்துவிடலாம். இங்கே ஒருவரும் மறைக்கவில்லை. தெரிந்துகொள்ளவே யாரும் போகவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நாங்கள் எழுதுவதையெல்லாம் அது படிக்கிறது என்றால், பொய்யை எழுதினால் பொய்யையும் படிக்கும்.

முத்துப்பேச்சியிடம் சொன்னேன். கொம்பையாவைப் பற்றி நடக்கவே நடக்காத ஒரு விஷயம் வேண்டும், கூடுதல் பிரமாணப் பத்திரத்தில் எழுத வேண்டும் என்றேன். அவள் ரொம்ப யோசிக்கவில்லை.

"மாடு."

"உங்க வீட்டுல மாடு உண்டா?"

"ஆடு மாடு எதுவும் கிடையாது. சின்ன வயசுல ஒரு மாடு அவியளை முட்டித் தூக்கிப் போட்டுட்டு. அதுலருந்து மாட்டு வாடையே ஆகாது. தெருவுல மாடு எதுக்க வந்தா நான் முன்னால போகணும், அவிய எனக்குப் பின்னால ஒளிஞ்சு வருவாவ." சொல்லும்போதே சிரித்தாள். "செவலைப் பசுன்னு எழுதுங்க. சினையா இருந்துச்சுன்னு எழுதுங்க. அது மேல உசிரையே வச்சிருந்தாவன்னும் எழுதுங்க."

எழுதினேன். உயிருக்கு உயிராக வளர்த்த சினைப்பசுவைப் பற்றி ஒரு நேர்காணலில்கூட அவர் விசாரிக்கவில்லை, அதுவே சந்தேகத்துக்கு இடமாக இருக்கிறது என்று கதை கட்டினேன். கோர்ட்டில் பொய்ச் சத்தியம். தெரிந்தால் என் கறுப்பு அங்கியைக் கழற்றிவிடுவார்கள். முத்துப்பேச்சி கையெழுத்துப் போடும்போது பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"'எந்த மாடுட்டி, உனக்கென்ன கிறுக்கா'ன்னு அவிய கேட்டுட்டா?"

"அப்ப அது அவரேதான். நம்ம கேஸ் தோத்துடும்."

"தோக்கட்டும் வக்கீலம்மா. தோக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்தைப் போட்டாள்.

அடுத்த நேர்காணலுக்கு நானும் போனேன். சின்ன அறை. சுவரில் திரை, எதிரில் இரண்டு ஸ்டூல். கொம்பையா வந்தார். எங்களைப் பார்த்து எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்தார். நல்ல களையான முகம். பேசும்போது இடது கையால் பிடரியைத் தடவிக்கொள்கிற பழக்கம் அவருக்கு உண்டு. அப்படியே தடவிக்கொண்டார். ஊர் விஷயம் கேட்டார். மழை உண்டுமா என்றார். மாட்டைப் பற்றிக் கேட்காதே, கேட்காதே என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, நம்ம செவலை கன்னு போட்டுட்டா?"

முத்துப்பேச்சி என் முழங்கையைப் பிடித்தாள். பிடி வலித்தது. ஆனால் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"போட்டுட்டு. கிடாரிக் கன்னு."

"அடி சக்கை. தாய்க்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வை. கன்னை வெயில்ல கட்டிராத. வந்து நானே பேரு வைக்கேன்."

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"மாடே இல்லைன்னு அங்கயே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா திருத்திக்கிடுமே." புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "கிடாரி, பொட்டைக் கன்னுன்னு சொன்னதும் சிரிச்சாவ பாத்தியளா? அது அவிய சிரிப்புதான் வக்கீலம்மா. எங்க மக பிறந்தப்ப அப்படித்தான் சிரிச்சாவ. அதை எங்கருந்து எடுத்துச்சு? அவியளை என்ன செஞ்சாவ? உசிரோட இருந்தா குடுக்கட்டும். இல்லன்னா ஒரு பிடி மண்ணு போடவாவது குடுக்கட்டும்."

அந்த நேரத்திலும் கேஸ் ஜெயித்துவிட்டது என்று வக்கீல் புத்தி உள்ளே குதித்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

சீராய்வு மனு இரண்டு நீதிபதிகள் முன்னால் வந்தது. எழுந்தேன். மறைக்காமல் சொன்னேன். மாடு என்று ஒன்று கிடையவே கிடையாது, நாங்கள் வேண்டுமென்றே பொய் எழுதினோம், அந்தப் பொய்யைத் திரையில் இருப்பது திரும்பச் சொல்கிறது, ஆகவே அது கொம்பையா இல்லை, கொம்பையா எங்கே என்று யாராவது நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். திருவேங்கடம் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூத்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காவலில் இருப்பவரையே கேட்டுவிடுவோமே."

திரை வெளிச்சமானது. கொம்பையா எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றதில் நீதிபதிக்குத் திருப்தி.

"உங்கள் வீட்டில் மாடு உண்டா?"

"உண்டுய்யா. செவலைப் பசு. கிடாரிக் கன்னு போட்டிருக்கு."

"உங்கள் மனைவி அப்படி ஒரு மாடே இல்லை என்கிறாரே?"

கொம்பையா பிடரியைத் தடவினார். "எம் மேல உள்ள கவலையில அவளுக்குப் புத்தி பேதலிச்சிருக்கும்யா. அவளை ஒண்ணும் சொல்லாதிய."

கோர்ட்டே உச்சுக்கொட்டியது. முத்துப்பேச்சி என் பின்னால் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"வேறு யாரும் போகவேண்டாம், மை லார்ட். நீங்களே ஒருவரை அனுப்புங்கள். தொட்டுப் பார்த்துவிட்டு வரட்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்" என்றேன்.

"சட்டத்தில் அதற்கு இடமில்லை, அம்மா. உட்காருங்கள்."

உத்தரவை அங்கேயே சொன்னார். மாடு உண்டு என்று மனுதாரரே சத்தியப் பிரமாணம் செய்திருக்கிறார். காவலில் உள்ளவரும் உண்டு என்கிறார். கணவனும் மனைவியும் ஒத்துப்போகிற ஒரு விஷயத்தை வக்கீல் வாய்மொழியாக மறுப்பது ஏற்கத்தக்கதல்ல. மேற்படி பசுவும் கன்றும் மனுதாரர் வசம் இருப்பதாக இந்த நீதிமன்றம் கருதுகிறது. சீராய்வுக்கு முகாந்திரம் இல்லை.

மழை விட்டபிறகு ஒருநாள் செம்மண்விளைக்குப் போனேன். டெல்லியில் மேல்முறையீடு செய்வதற்கு முத்துப்பேச்சியின் கையெழுத்து வேண்டும். டெல்லியிலும் திரைதான், அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் காகிதங்களை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. தோளில் ஐஸ் பெட்டியோடு ஒருவர் இறங்கினார். கால்நடை ஆய்வாளர், பெயர் செல்வின் என்றார்.

"முத்துப்பேச்சி வீடு இதானம்மா? செவலைப் பசு ஒண்ணு, கிடாரிக் கன்னு ஒண்ணு. கோமாரி ஊசி போடணும். பசுவைப் பிடிச்சுக் கட்டுங்க."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"எங்க வீட்டுல மாடு இருக்குன்னு யார் சொன்னா?" என்றாள் முத்துப்பேச்சி.

"கணக்குல ஏறியிருக்கே. கோர்ட்டுத் தீர்ப்புல வந்தா தன்னால ஏறிரும்லா."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "ஊசி போட்டாச்சுன்னு பதிஞ்சுட்டுப் போயிடுங்க சார். யார் பாக்கப் போறா?" என்றேன்.

"அதெப்படிம்மா? மாட்டைக் கண்ணால பாக்கணும். காதுல வில்லை அடிக்கணும்."

"திரையில காட்டினா செல்லாதா?"

"முன்னால அப்படித்தான் வச்சிருந்தாவ. ஊரே ஒரு மாட்டைக் காட்டி இழப்பீடு வாங்கிட்டு. அப்புறம் எல்லை தாண்டி நோய் பரவி ஏற்றுமதியே நின்னு போச்சு. இப்ப சட்டம் போட்டுட்டாவம்மா. மாட்டை நேர்ல பாத்து, தொட்டு, நான் கைநாட்டு வச்சாத்தான் மாடு."

முத்துப்பேச்சி எழுந்தாள். அவர் கையைப் பிடிக்காத குறையாக வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். கொல்லையைக் காட்டினாள். விறகு கிடந்த இடத்தைக் காட்டினாள். வேலியோரமாக ஒரு சுற்று நடத்திக் கூட்டிவந்தாள். தொழுவம் இல்லை, முளைக்குச்சி இல்லை, சாணி விழுந்த தடம்கூட இல்லை.

"மாடே இல்லையேம்மா" என்றார் செல்வின்.

"என்ன சொன்னிய? இன்னொரு தரம் சொல்லுங்க."

"மாடு இல்ல."

இதைக் கேட்டதும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கோர்ட்டில் அழாதவள், திரை அறையில் அழாதவள், எழவு வீட்டில் அழுவதுபோல நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். மாடு இல்லை என்று சர்க்கார் ஆள் ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டார். மாடு இல்லையென்றால் அவள் புருஷனும் அந்தத் திரையில் இல்லை. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

செல்வின் பாவம், பதறிப்போனார். மாடு தொலைந்த துக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

"அழாதிய, அழாதிய. கணக்குல இருக்கு, கொல்லையில இல்ல. அப்ப காணாமப் போயிட்டுன்னுதான் அர்த்தம். இது என்ன ஆளா, விட்டுட்டுப் போறதுக்கு? ஊசி போடாத மாடு வெளிய திரிஞ்சா எங்க தலைதான் உருளும். எந்தப் பக்கம் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. ரெண்டு ஆளோட நானே நேர்ல போயித் தேடியாகணும். எந்த வேலி, எந்தக் கேட்டு ஆனாலும் திறந்து விடணும், தடுக்க ஒருத்தருக்கும் அதிகாரம் கிடையாது. மாட்டைக் காணாம திரும்பினா, அங்க என்னவெல்லாம் பாத்தேன்னு எழுதிக் கைநாட்டு வைக்கணும்."

அழுகை நின்றது. முத்துப்பேச்சி சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். உயர் நீதிமன்றமே உண்டு என்று சொன்ன மாடு அது. இல்லை என்று சொல்ல நான் யார்?

"எழுதிக்கிடுங்க சார்" என்றாள். "தேரிக்காட்டுப் பக்கம் போச்சு. அங்க ஒரு பெரிய ஜெயில் இருக்குலா, அதுக்குள்ளதான் போச்சு."

செல்வின் எழுதிக்கொண்டார். "உள்ள போனதை நீங்க கண்ணால பாத்தியளா?"

"இல்ல சார். நீங்கதான் போயிப் பாக்கணும். ஒவ்வொரு ரூமா திறந்து பாருங்க."